வாசகர் கேள்விகள்: அஸ்பார்டேம் – நொதியும் சட்டமும்

கேள்வி: புரதத்தைச் சிதைப்பதே புரோட்டியேஸ் நொதிகளின் வேலை என்று படித்திருக்கிறோம். அதே நொதிகளைக் கொண்டு பெப்டைடுகளைத் தயாரிக்கவும் முடியும் என்கிறார் எங்கள் பேராசிரியர். எப்படி?
– முதுகலை வேதியியல் மாணவி, திருச்சி

பதில்: நொதி ஒரு வினையூக்கி. வினை எந்தச் சமநிலையில் போய் நிற்கும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. அங்கே சென்றுசேரும் வேகத்தைத்தான் கூட்டுகிறது. ஆகவே அமினோ அமிலங்களைக் கோத்துப் பெப்டைடு என்ற சங்கிலியாக்கும் பெப்டைடுப் பிணைப்பை அறுக்கும் நொதியே, சூழ்நிலை தகுந்திருந்தால், அந்தப் பிணைப்பை உண்டாக்கவும் செய்யும். 1937, 1938 ஆண்டுகளில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் மாக்ஸ் பெர்க்மனும் அவருடைய சகாக்களும் பப்பாயினையும் கைமோட்ரிப்சினையும் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். கறி சீக்கிரம் வேக வேண்டும் என்று நம் வீடுகளில் பப்பாளிக்காய் சேர்ப்பது இந்தப் பப்பாயினுக்காகத்தான்.

இடைஞ்சல் தண்ணீர்தான். நீர்க்கரைசலில் சமநிலை பெரும்பாலும் சிதைவின் பக்கமே சாய்ந்திருக்கும். எனவே நீரைக் குறைத்துக் கரிமக் கரைப்பானில் வினையை நடத்துவார்கள். அல்லது விளைபொருள் உண்டாக உண்டாகக் கரையாத திடப்பொருளாகப் படிந்து வெளியேறும்படி செய்வார்கள். எஸ்டராக (ஆல்ககாலுடன் இணைந்த வடிவமாக) மாற்றிய அமினோ அமிலத்திலிருந்து தொடங்கி, விளைபொருள் மறுபடி சிதைவதற்குள் வினையை நிறுத்திக்கொள்வது இன்னொரு வழி.

கேள்வி: இம்முறை ஆய்வகத்தைத் தாண்டித் தொழிற்சாலைக்கு வந்ததுண்டா?
– வாசகர், நாமக்கல்

பதில்: வந்தது. அதற்குச் சிறந்த உதாரணம் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு. இது அஸ்பார்டிக் அமிலமும் பினைல்அலனினும் சேர்ந்த சிறிய பெப்டைடின் மெத்தில் எஸ்டர். அஸ்பார்டிக் அமிலத்தில் பெப்டைடுப் பிணைப்பில் சேரக்கூடிய கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதிகள் இரண்டு உள்ளன. சாதாரண வேதிமுறையில் பினைல்அலனின் தவறான தொகுதியுடன் இணைந்துவிட்டால் கிடைப்பது இனிப்பன்று, கசப்பு. ஜப்பானின் டோசோ நிறுவனம் உருவாக்கிய முறையில் தெர்மோலைசின் என்ற, வெப்பத்தைத் தாங்கும் நொதி சரியான தொகுதியை மட்டுமே தேர்ந்துகொள்கிறது. அதனால் மற்றதை, வினையில் சேராதபடி, தற்காலிகமாக மறைத்துவைக்க வேண்டியதில்லை. அமினோ தொகுதியை மட்டும் மறைத்தால் போதும்.

இதைவிட அழகான பகுதி ஒன்று உண்டு. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற, பினைல்அலனினின் எல், டி என்ற இரு வடிவங்களும் கலந்த மலிவான மூலப்பொருளையே இம்முறையில் பயன்படுத்தலாம். நொதி எல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய டி வடிவம் வீணாவதில்லை: விளைபொருளோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிந்து, சமநிலையைப் பிணைப்பு உண்டாகும் பக்கம் இழுக்கிறது. பின்னர் அதைப் பிரித்தெடுத்து, மீண்டும் கலவையாக்கிப் பயன்படுத்துகிறார்கள். டோசோவும் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனமும் இணைந்து தொடங்கிய ஹாலந்து ஸ்வீட்னர் கம்பெனி 1988-இல் நெதர்லாந்தின் கெலீன் நகரில் இம்முறையில் உற்பத்தியைத் தொடங்கியது.

கேள்வி: செய்முறை வேறு என்றால், அஸ்பார்டேமுக்கு முன்பே இருந்த காப்புரிமை ஹாலந்து நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாதல்லவா?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: தாங்கள் நம் நாட்டுப் பழைய சட்டத்தை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் உணவுக்கும் மருந்துக்கும் செய்முறைக் காப்புரிமையை மட்டுமே அளித்தது. பொருளுக்கான காப்புரிமை 2005-இல்தான் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் மாற்றுவழி கண்டவருக்குத் தடையில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1965-இல் சர்ல் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஷ்லாட்டர் கண்டறிந்த இனிப்புக்கு 1970-இல் கிடைத்த காப்புரிமை, அது எம்முறையில் தயாரானாலும், இனிப்பூட்டியாகப் பயன்படுவதையே காத்தது. அதன் 17 ஆண்டு ஆயுள் 1987-இல் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1974-இல் கிடைத்த உணவு அனுமதி மறு ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டு, 1981-இல்தான் நடைமுறைக்கு வந்ததால், இழந்த காலத்துக்கு ஈடாக அமெரிக்க நாடாளுமன்றம் 1992 டிசம்பர் வரை நீட்டிப்பு வழங்கியது.

நீண்ட காப்புரிமை புதிய ஆய்வைத் தூண்டும், ஆனால் பொருளை விலை கூட்டி விற்கவும் இடம் தரும் என்ற இருமுனை விளைவை 1969-இல் பொருளியலாளர் வில்லியம் நோர்டஹவுஸ் கணித வடிவில் ஆராய்ந்தார். அந்த அளவுகோலில் இந்த நீட்டிப்பு எனக்குப் பலவீனமாகவே தெரிகிறது. ஏற்கெனவே நடந்துமுடிந்த கண்டுபிடிப்பைப் பின்னால் வரும் சலுகை எப்படித் தூண்டும்? வருங்காலக் கண்டுபிடிப்பாளர்களுக்கு நம்பிக்கை அளிக்கிறது என்ற மறுமொழியில் ஓரளவு நியாயம் உண்டு, அவ்வளவே.

கேள்வி: காப்புரிமை முடிந்த பின்னராவது போட்டியாளர் வென்றாரா?
– பொருளியல் ஆசிரியர், காரைக்குடி

பதில்: வென்றவர்கள் வாங்குபவர்களே. ஐரோப்பாவில் காப்புரிமை முடிந்து போட்டி வந்ததும் விலை சரிந்தது. சர்ல் வழிவந்த நியூட்ராஸ்வீட் நிறுவனம், அமெரிக்க விலையைவிட மிகக் குறைவாக ஐரோப்பாவில் விற்கிறது என்ற முறையீட்டின் பேரில், 1991-இல் ஐரோப்பியச் சமூகம் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (சொந்த நாட்டு விலையைவிட மலிவாக வெளிநாட்டில் விற்பதைத் தடுக்கும் வரி) விதித்தது. காப்புரிமையால் உயர்ந்து நிற்கும் அமெரிக்க விலையை ஒப்பீட்டுக்கு எடுப்பது தகாது என்று நியூட்ராஸ்வீட் வாதிட்டது. ஐரோப்பிய நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. பொருளியல் நோக்கில் அந்த வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று என்பது என் கருத்து.

கனடாவில் சிக்கல் ஒப்பந்தங்களில் இருந்தது. நியூட்ராஸ்வீட்டிடம் மட்டுமே வாங்குவது, அதன் சின்னத்தைப் புட்டியில் அச்சிட்டால் தள்ளுபடி, பிறர் குறைந்த விலை சொன்னால் அதே விலைக்குத் தர முதல் வாய்ப்பு ஆகிய நிபந்தனைகளைப் போட்டித் தீர்ப்பாயம் 1990-இல் செல்லாதவையாக்கியது. வாங்குபவர் தமக்கு நட்டம் தரும் ஒப்பந்தத்தில் ஏன் கையெழுத்திடப்போகிறார் என்று, சந்தையின் போக்கில் பெரிதும் நம்பிக்கை வைக்கும் சிகாகோ வழிப் பொருளியலர் கேட்பார்கள். பொருளியலாளர்கள் ஃபிலிப் அகியோனும் பேட்ரிக் போல்டனும் 1987-இல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள்: ஒப்பந்தத்தை முறித்தால் வாங்குபவர் ஈட்டுத்தொகை தர வேண்டும் என்றிருந்தால், புதிதாக வருபவர் அத்தொகையையும் ஈடுகட்டும் அளவுக்கு விலையைக் குறைத்தாக வேண்டும், அவருடைய திறமையால் கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு பங்கைப் பழையவரும் வாங்குபவரும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

அமெரிக்காவில் நடந்தது இதைவிட எளியது. 1992-இல் காப்புரிமை முடிவதற்குச் சற்று முன் கோக்கும் பெப்சியும் குறைந்த விலைக்கு நியூட்ராஸ்வீட்டுடனேயே புதிய நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டன. ஹாலந்து நிறுவனம் இருந்ததால்தான் அந்த விலை கிடைத்தது, ஆனால் வியாபாரம் அதற்குக் கிடைக்கவில்லை. பின்னர் ஆசிய உற்பத்தி பெருகி விலை மேலும் விழுந்ததால் 2006-இல் கெலீன் ஆலையை மூடும் முடிவை டிஎஸ்எம் அறிவித்தது.