தாலுகா ஆபீஸ் குரூப்பில் ஆதார் படம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமமொன்றில் வி.ஏ.ஓ.வாக இருக்கிறேன். மழைச்சேதப் பட்டியல், பயனாளிகளின் ஆதார் படம் எல்லாமே வாட்ஸ்அப் குரூப்பில்தான் போகின்றன. அதில்தான் செய்தியைப் பூட்டி அனுப்பும் என்கிரிப்ஷன் இருக்கிறதே, சந்தேஸ் என்ற அரசுச் செயலி எதற்கு?
- பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: பூட்டு நல்ல பூட்டுதான். 2016 முதல் வாட்ஸ்அப் எல்லாச் செய்திகளையும் சிக்னல் என்ற இன்னொரு செயலியின் முறையில் பூட்டித்தான் அனுப்புகிறது. கசிவதெல்லாம் அனுப்புபவர், பெறுபவர் என்ற இரு முனையிலும்தான். 2025 மார்ச்சில் ஏமன் தாக்குதல் பற்றி அமெரிக்க உயர் அதிகாரிகள் பேசிய சிக்னல் குரூப்பில் ஒரு பத்திரிகை ஆசிரியரையே தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். செயலி பாவம், என்ன செய்யும்? உங்கள் குரூப்பில் ஆத்தூருக்கு மாறுதலாகிப் போனவர் இன்னும் இருக்கிறாரா, முதலில் பாருங்கள்.

அடுத்தது பேக்கப். கூகுள் டிரைவுக்குப் போகும் பிரதிக்கு இந்தப் பூட்டு தானாக வராது. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் போய் 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்' என்பதை நீங்களே போட வேண்டும். கடவுச்சொல் அல்லது 64 இலக்கச் சாவி கேட்கும். தொலைத்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத்தர முடியாது. 'மீடியா விசிபிலிட்டி'யையும் அணையுங்கள். இல்லாவிட்டால் ஊரார் ஆதாரெல்லாம் உங்கள் கேலரியில், பேரன் படத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் 'லிங்க்டு டிவைசஸ்' போய் லாக்-அவுட் செய்யுங்கள். ஆதாரை முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலாகவே கேட்டு வாங்குங்கள்.

சந்தேஸ் மத்திய அரசின் தேசிய தகவல் மையம் (என்.ஐ.சி.) உருவாக்கியது. வாட்ஸ்அப்பில் பூட்டப்படுவது செய்தி மட்டும். யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பது வெளிநாட்டு நிறுவனத்தின் கைக்கு எட்டும். சந்தேஸில் அந்த விவரம் நம் அரசின் பொறுப்பில் நிற்கிறது. பிரான்ஸ் 2019-லேயே தன் ஊழியர்களுக்கு ட்ஷாப் என்று தனிச் செயலி கொண்டுவந்ததும் இந்தக் கணக்கில்தான். அரசு பார்த்துவிடாதா என்றால், ஆபீஸ் வேலைக்கு அது குறையே அல்ல. வீட்டுப் பேச்சை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். மற்றபடி போன் அதே போன்தான். மேலே சொன்ன ஒழுங்கெல்லாம் அங்கேயும் வேண்டும்.

கேள்வி: டெலிகிராம் குரூப் இதைவிடப் பத்திரமா?
- வாசகி, ஓமலூர்

பதில்: இல்லை. செய்திகளைப் பொறுத்தவரை, இருவர் பேசும் 'சீக்ரெட் சாட்'டில் மட்டுமே அங்கே முனைக்கு முனை பூட்டு உண்டு. குரூப்புக்குக் கிடையாது.

கேள்வி: அதிகாரி 24 மணி நேரத்தில் மறையும்படி செய்தி வைத்திருக்கிறார். அதில் வந்த உத்தரவை ஆர்.டி.ஐ.யில் கேட்கலாமா?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: கேட்கலாம். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(f) பிரிவு மின்னணு வடிவில் உள்ளதையும் தகவல் என்றே சொல்கிறது. ஆனால் "வாட்ஸ்அப் செய்தி கொடுங்கள்" என்று எழுதினால் "இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வரும். தேதி, பொருள் குறிப்பிட்டு, அந்த உத்தரவு பதிவான குறிப்புக் கோப்பின் நகலைக் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், பதிலுக்கு 30 நாள். கோப்பில் ஏற்றவே இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தையே இணைத்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள்.