தூசிப் படிவத்தில் பருவமழையைத் தேடும் படிப்பு: ஒரு தாயாருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் தங்கள் மகள் "தூசியைப் படிக்கப் போகிறேன்" என்று சொல்வதால் கலங்கி எழுதியிருக்கிறீர்கள். அவர் குறிப்பிடும் தூசி வீட்டு ஒட்டடை அன்று. வட சீனத்தின் மஞ்சள் மண் மேட்டுநிலத்தில், பாலைவனங்களிலிருந்து குளிர்காலக் காற்று ஏறத்தாழ 26 லட்சம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த காற்றடி வண்டல், பல இடங்களில் நூறு மீட்டருக்கும் மேல் தடித்துக் கிடக்கிறது. கோடைப் பருவமழை வலுத்த காலங்களில் அந்த வண்டல் செம்மண்ணாக மாறியது; வறண்ட, குளிர்ந்த காலங்களில் மஞ்சளாகவே நின்றுவிட்டது. லோச்சுவான் என்னும் இடத்தில் இவ்வடுக்குகளை ஆராய்ந்த சீன நிலவியலாளர் லியூ துங்ஷெங் 2002-இல் சுற்றுச்சூழல் அறிவியலுக்கான டைலர் பரிசு பெற்றார்.

மண்ணின் காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்தில் மண் எவ்வளவு காந்தமாகிறது என்னும் அளவு) மழையின் வலிமையையும், துகளின் பருமன் குளிர்காலக் காற்றின் வேகத்தையும் காட்டுகின்றன. ஆனால் அலாஸ்காவின் வண்டலில் காந்த அளவு இதற்கு நேர்மாறாக அமைவதால், அளவியைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த எண் அங்கே ஏன் அவ்வாறு வருகிறது என்று கேட்கவும் தெரிய வேண்டும். துகள் கடைசியாக வெயில் பட்ட காலத்தைக் கணிக்கும் ஒளிர்வு முறைக்காக, மங்கிய சிவப்பு விளக்கின் கீழ் மணிக்கணக்கில் அமர்ந்து குவார்ட்ஸ் என்னும் கனிமத்தைப் பிரிக்கும் பொறுமையும் வேண்டும். இந்தப் பொறுமை மகளிடம் உண்டா என்பதே என் முதல் கேள்வி. மதிப்பெண்ணைப் பிறகு பார்க்கலாம்.

பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராயும் இத்துறையின் (தொல்காலநிலையியல்) பெயரிலேயே இளநிலைப் பட்டம் தேட வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரி போன்ற இடங்களில் புவியியல் அன்று, நிலவியல் படிக்கட்டும் (விண்ணப்பத்தில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்). கணிதத்தையும் இயற்பியலையும் கைவிடக் கூடாது. முதுநிலைக்கு ஐஐடி ஜாம் தேர்வும், ஆய்வுக்கு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வும் வழி. லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், டேராடூனின் வாடியா நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் ஆகியவற்றில் தொல்காலநிலை ஆய்வு நடக்கிறது; காஷ்மீரிலும் இத்தகைய வண்டல் உள்ளது.

வருமானத்தை மறைக்க மாட்டேன். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் அதைத் தொடுவதற்கே ஐந்தாண்டுப் படிப்பு தேவை, நிரந்தரப் பணி அதன்பின் மேலும் தள்ளிப்போகலாம். குடும்பத்தால் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதெனில், அதே முதுநிலைப் பட்டத்தைக் கொண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கான யூபிஎஸ்சி தேர்வை மகள் எழுதலாம். ஆகவே இப்போதைக்கு நிலவியல் பட்டப்படிப்புக்குச் சம்மதியுங்கள். தூசியா, வேறா என்பதை முதுநிலையின் இரண்டாம் ஆண்டில் அவரே முடிவு செய்யட்டும்.