கிரில்லில் மீன் ஒட்டாமல் சுடுவது எப்படி?

மீனைத் திருப்பும்போது தோல் கம்பியிலேயே பிய்ந்து நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஈரமும் அவசரமும்தான் காரணம்.

மீன் ஈரமாக இருந்தால் கம்பியின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். தோல் முறுகாது. அதற்குள் மீனின் புரதம் உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அதனால் துணியாலோ டிஷ்யூ தாளாலோ மீனை நன்றாக ஒற்றி எடுங்கள், வயிற்றுக்குள்ளும்தான். அப்புறம் மீனின் மேல் எண்ணெய் தடவுங்கள். கம்பியில் பழைய கருகல் ஒட்டியிருந்தால் சூடாக இருக்கும்போதே தேய்த்து எடுத்துவிட வேண்டும். கம்பி நன்றாகச் சூடேறிய பிறகு தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள்.

இனி கை வைக்காதீர்கள்! கொஞ்ச நேரம் கழித்துத் தோசைத் திருப்பியை ஓரத்தில் மெல்லக் கொடுத்துப் பாருங்கள். தோல் முறுகியிருந்தால் தானாக விட்டுக்கொடுக்கும். கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். 2.5 செ.மீ. தடிமனுள்ள துண்டு வேக மொத்தம் 10 நிமிடம் போதும்.

மெல்லிய, எளிதில் உதிரும் மீன் என்றால் நேரடியாகக் கம்பியில் வைக்க வேண்டாம், மீனை இருபக்கமும் அணைத்துப் பிடிக்கும் கம்பிக்கூடைதான் சரி. வெந்ததா என்று பார்க்கத் தடித்த இடத்தில் முள்கரண்டியால் குத்துங்கள்: சதை கண்ணாடிபோல் தெரியாமல் வெளுத்து, இதழ் இதழாகப் பிரிய வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 63 டிகிரி செல்சியஸ் காட்டியதும் இறக்கிவிடலாம்.