இடுப்பில் மாவுக்கட்டு போட்ட குழந்தையைக் காரில் எப்படிக் கூட்டிப்போவது? கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் குழந்தைகளுக்கு பிசியோதெரபி பார்க்கிறேன். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகிய குழந்தைகளும் தொடை எலும்பு முறிந்த குழந்தைகளும் நெஞ்சுக்குக் கீழே தொடங்கி கால் வரை கட்டோடு வீட்டுக்குப் போவார்கள். கட்டைப் பற்றி டாக்டரும் நர்ஸும் சொல்லிவிடுவார்கள். ஆனால் எப்படி வீடு போய்ச் சேருவது என்பதைப் பல குடும்பங்கள் ஆஸ்பத்திரி வாசலில் கார் கதவைத் திறந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். அதற்காகத்தான் இந்த வாரம் இதைப் பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன்.

வள்ளியூரிலிருந்து ஒரு அம்மா: அக்கா, பாப்பாவுக்கு ஒன்பது மாசம். இடது இடுப்பு மூட்டு விலகியிருக்கு, அடுத்த வாரம் மயக்கம் கொடுத்து மூட்டைச் சரியா வெச்சு கட்டுப் போடப்போறாங்க. பிறந்தப்போ வாங்கின கைப்பிடி வெச்ச கார் சீட் இருக்கு. அதிலேயே வைக்கலாமா?

வைக்க முடியாது தங்கச்சி. கட்டுப் போடுவதற்கு முன்னாலேயே கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி.

தொடை எலும்பின் தலையை, இடுப்பு எலும்பில் கிண்ணம் போல இருக்கிற குழிக்குள் உட்கார வைத்ததும், அது திரும்ப நழுவாமல் இருக்க இரண்டு காலையும் தவளைக் கால் போல மடக்கி அகட்டி கட்டுப் போடுவார்கள். கைப்பிடி வைத்த சீட்டின் பக்கச் சுவர்கள் உயரம், உள்ளே குறுகல். அகட்டிய முழங்கால் அந்தச் சுவரில் இடிக்கும். அழுத்தி உட்கார வைத்தால் கட்டின் விளிம்பு வயிற்றிலோ தொடையிலோ குத்தும், வாரும் சரியாகப் பூட்டாது.

உங்களுக்கு வேண்டியது பின்பக்கம் பார்த்தும் முன்பக்கம் பார்த்தும் பொருத்தக்கூடிய பெரிய சீட். அதிலும் உட்காரும் இடத்தின் இரண்டு பக்கச் சுவரும் தாழ்வாக இருக்கிற மாடலாகத் தேடுங்கள். அகட்டிய கால்கள் சுவருக்கு மேலே தாண்டி வெளியே நிற்க வேண்டும். சாய்மானத்தை மாற்ற முடிய வேண்டும், ஏனென்றால் கட்டுப் போட்ட குழந்தை இடுப்பில் வளையாது. சீட்டுதான் குழந்தையின் கோணத்துக்கு வர வேண்டும். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவில் ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கிற ஐந்து முனை வார் அவசியம். கால்களுக்கு நடுவில் வருகிற வார் கட்டின் பருமனைத் தாண்டி மேலே வந்து பூட்டுகிற அளவு நீளமாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பல சீட்டுகள் இந்த இடத்தில்தான் உதவாமல் போகின்றன.

கட்டுப் போட்டு முடிந்ததும் ஒரு முழங்காலின் வெளி ஓரத்திலிருந்து மறு முழங்காலின் வெளி ஓரம் வரை அளந்து, அந்த அகலத்துக்கு ஒரு அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். கடைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், அட்டையைச் சீட்டில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கட்டுப் போடப் போகிற டாக்டரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "கார் சீட்டில் வைக்கணும் சார், இடுப்பு எந்தக் கோணத்தில் இருக்கும்?" மூட்டுக்கு எது நல்லதோ அதைத்தான் அவர் செய்வார், ஆனால் கோணம் முன்கூட்டித் தெரிந்தால் சீட்டைத் தேட வசதி.

ஒன்பது மாதக் குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். தலை கனம், கழுத்து இளசு. குழந்தை கார் சீட்டுகளுக்கான ஐரோப்பாவின் ஆர்129 விதி 15 மாதம் வரைக்கும் பின்பக்கம் பார்த்து வைப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அகட்டிய கால்கள் காரின் பின்சீட்டில் முட்டாமல் இருக்கின்றனவா என்று முதல்நாளே சீட்டைப் பொருத்திப் பாருங்கள். வாரைப் பூட்டிய பிறகு தோளுக்கு மேலே வாரை இரண்டு விரலால் கிள்ளுங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். ஆறு வாரம் கழித்துக் கட்டு மாற்றும்போது கால் நிலையும் மாறலாம், அதனால் அன்றைக்கு மறுபடியும் அளந்து பாருங்கள்.

தென்காசியிலிருந்து ஒரு அப்பா: மேடம், எங்க வீட்டுக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து மடியில் வெச்சுக்குவாங்க, நானும் மெதுவாத்தான் ஓட்டுவேன். போதாதா?

போதாது தம்பி. உங்கள் அம்மாவின் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கையின் பலத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எதிலோ மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கிறது. கட்டோடு சேர்த்து 10 கிலோ இருக்கிற குழந்தையைப் பிடித்து நிறுத்த, அந்தக் கணத்தில் சுமார் 140 கிலோவைத் தாங்குகிற பிடி வேண்டும். யாருடைய கைக்கும் அது முடியாது. அம்மாவும் பெல்ட் போடாமல் இருந்தால் அவர் எடையும் குழந்தை மேல்தான் விழும். மடியில் வைத்துக்கொண்டு இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவது அதைவிட மோசம். பெல்ட் குழந்தையைப் பெரியவரோடு சேர்த்து நசுக்கிவிடும். மெதுவாக நாம் ஓட்டலாம், எதிரே வருகிற லாரி மெதுவாக வரும் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

அபராதமும் உண்டு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயது நிறையாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய். ஆனால் நான் சொல்வது ஆயிரம் ரூபாய்க்காக இல்லை.

ஆலங்குளத்திலிருந்து ஒருவர்: அக்கா, சீட் கொஞ்சம் குறுகலாத்தான் இருக்கு. அடியில் தலையணை வெச்சு உயர்த்திட்டா கால் சுவருக்கு மேலே வந்துடுது. சரிதானே?

தலையணை வேண்டாம். மோதும்போது பஞ்சு ஒரேயடியாக அமுங்கும், அமுங்கின அளவுக்கு வார் தளர்ந்து குழந்தை நழுவும். சீட்டோடு வந்த மெத்தையைக் கழற்றலாம் என்று அதன் கையேட்டிலேயே இருந்தால் கழற்றிப் பாருங்கள். சில சமயம் அதிலேயே வேண்டிய இடம் கிடைக்கும். அதற்கு மேல் எதைச் சொருகுவதாக இருந்தாலும் தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சீட்டின் பிளாஸ்டிக்கை அறுப்பது, வாரை வெட்டி நீட்டித் தைப்பது எல்லாம் கூடவே கூடாது. தையல்காரர் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் அந்த இழுப்பைத் தாங்காது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா: எங்ககிட்ட கார் இல்லை அக்கா. வீட்டுக்காரர் பைக்குல போயிடலாம்னு சொல்றாரு. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வரணும்.

பைக் வேண்டவே வேண்டாம் தங்கச்சி. அகட்டிய கால்களோடு குழந்தையை நடுவில் வைக்கவும் முடியாது, பக்கவாட்டில் பிடிக்கவும் முடியாது. கட்டு எதிலாவது இடித்தால் உள்ளே மூட்டு நகரும் ஆபத்தும் இருக்கிறது.

உங்கள் ஊருக்கு ரயில் இருக்கிறதே! செங்கோட்டை பாசஞ்சர் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலிக்கு வருகிறது. குலுக்கல் குறைவு, இடமும் தாராளம், குழந்தையை இருக்கையில் படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். சாலையில் வருவதைவிட இதுதான் என் முதல் யோசனை. ஜங்ஷனிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும்தான் வண்டி தேவை, அந்தக் கொஞ்ச தூரத்துக்கு ஆட்டோவைவிட, பெல்ட் உள்ள வாடகைக் காரில் சீட்டைப் பொருத்தி வருவது நல்லது. அப்புறம், அரசு மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்த, ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் வீட்டுக்குத் திரும்பும் வண்டியும் இலவசம். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே வார்டு நர்ஸிடம் கேட்டுவையுங்கள்.

கடையத்திலிருந்து ஒரு ஆச்சி, பேத்தி எழுதிக் கொடுத்தது: நான் பிள்ளையை இடுப்பிலேயே தூக்கி வெச்சுத் திரிஞ்சதாலதான் மூட்டு விலகிப்போச்சுன்னு வீட்டுல பேசுதாவ. அப்படியா தாயி?

இல்லை ஆச்சி, இல்லவே இல்லை. இதை உங்கள் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இடுப்பில் வைக்கும்போது பிள்ளையின் கால்கள் அகட்டி, மடங்கி இருக்கும். மூட்டு கிண்ணத்துக்குள் நன்றாக உட்காருவதற்கு அதுதான் ஏற்ற நிலை. கெடுதல் எதில் என்றால், பச்சைக் குழந்தையின் காலை நேராக நீட்டி, சேர்த்துத் துணியால் இறுக்கிச் சுற்றுவதில். மற்றபடி பெண் குழந்தை, தலைப்பிள்ளை, வயிற்றில் தலை மேலாக இருந்து கால்புறம் முதலில் வந்த பிள்ளை, குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இருந்தது, இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது வருகிற வாய்ப்பு கூடுதல். யார் மேலும் பழி போட இதில் ஒன்றும் இல்லை.

சங்கரன்கோவிலிலிருந்து: மூணு மாசக் கட்டுக்காகப் பத்தாயிரத்துக்கு மேலே செலவு பண்ணி சீட் வாங்கணுமா? தெரிஞ்சவங்க பழைய சீட் தர்றேன்னு சொல்றாங்க.

சரியான சீட் கிடைத்தால் மூன்று மாதத்தோடு முடியாது. இந்த வகைச் சீட்டுகள் பலவற்றை 18 கிலோ எடை வரை, அதாவது கிட்டத்தட்ட நான்கு வயது வரை பயன்படுத்தலாம். பழையது வாங்கலாம், ஆனால் அது இருந்த கார் விபத்தில் மாட்டியதா என்று மறைக்காமல் சொல்கிறவர்களிடம் மட்டும் வாங்குங்கள். சீட்டின் முதுகுப்புறம் ஒட்டிய முத்திரையில் இந்தியப் பாதுகாப்புத் தரமான ஏஐஎஸ் 072, அல்லது ஐரோப்பியத் தரமான ஆர்44, ஆர்129 என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். காலாவதித் தேதி தாண்டியிருந்தால் வேண்டாம். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு மெத்தையும் நாலு பட்டையும் மட்டும் வருகிறதே, அதை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நாங்குநேரியிலிருந்து ஒரு அப்பா: பையனுக்கு மூணு வயசு, மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பு முறிஞ்சிருச்சு. கால் கிட்டத்தட்ட நேரா நீட்டின மாதிரி கட்டு. எந்தச் சீட்டுலயும் உட்காரலை.

இடுப்பு மடங்காத கட்டு என்றால் எந்தச் சீட்டிலும் உட்கார வைக்க முயற்சி செய்யாதீர்கள் அண்ணாச்சி. பின்சீட்டில் நீட்டிப் படுக்க வைத்து, காரின் பெல்ட்டோடு இணைக்கிற தனி உடுப்பு வெளிநாடுகளில் உண்டு. அது கையில் இல்லாதபோது வெறும் சீட்டில் படுக்க வைத்து ஒரு பெல்ட்டைக் குறுக்கே போட்டால் பாதுகாப்பு ஆகாது. ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் வாரோடு கூட்டிப்போவதுதான் வழி. இந்த வயதில் தொடை எலும்பு பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் கூடிவிடும். அதுவரை பயணத்தைக் கட்டாயம் போக வேண்டிய நாட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊர்த் திருவிழா, கல்யாணம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பாளையங்கோட்டையிலிருந்து: இந்த வெயிலில் மதுரை வரை போகணும். வழியில் என்ன கவனிக்கணும்?

விடிவதற்கு முன் கிளம்புங்கள். ஏறுவதற்கு முன் ஏசி போட்டு வண்டியைக் குளிர வையுங்கள். கட்டுக்குள்ளே வியர்த்தால் காய வழியில்லை. மணிக்கு ஒருமுறை நிறுத்தி, நிழலில் வெளியே எடுத்துப் பாருங்கள். சின்ன டயப்பர் ஒன்றைக் கட்டின் விளிம்புக்கு உள்ளே சொருகி, அதன் மேல் பெரிய டயப்பர் போட்டால் கட்டு நனையாது. கால்விரல் நீலமாகவோ சில்லென்றோ ஆனால், வீங்கினால், தொட்டும் அசையவில்லை என்றால், அல்லது குழந்தை விடாமல் வாந்தி எடுத்தால் பயணத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கட்டு முழுதாக இறுக இரண்டு நாள் ஆகும். அதற்குள் கிளம்பினால் விரல் நுனியால் பிடிக்காமல் உள்ளங்கையால் தாங்கித் தூக்குங்கள், இல்லாவிட்டால் பள்ளம் விழுந்து உள்ளே அழுத்தும்.

வள்ளியூர் அம்மா மறுபடியும்: கட்டைப் பிரிச்ச அன்னைக்கே பழைய சீட்டுக்கு மாத்திடலாமா அக்கா?

மாற்ற வேண்டாம். கட்டைப் பிரித்த பிறகும் கால்களை அகட்டி வைக்கிற பிரேஸ் கொடுப்பார்கள், அதைச் சில வாரமோ சில மாதமோ போட வேண்டி வரும். கால்கள் தாமாக மெதுவாகத்தான் சேரும், நாம் பிடித்துச் சேர்க்கக் கூடாது. அந்தக் குறுகல் சீட்டு அதைத்தான் செய்யும். அகலமான சீட்டிலேயே தொடருங்கள். கட்டின் பருமன் போய்விட்டதால் வார் தொளதொளவென்று இருக்கும், பிரித்த அன்றைக்கே, ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன் இறுக்கிச் சரிசெய்துவிடுங்கள்.