விசாரித்ததாகச் சொன்ன அந்த வேலைக்காரர்கள்

கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பண்ணை வைத்திருந்த ஜோன்ஸ் குடும்பத்தின் பழைய கடிதங்களைப் படித்து வருகிறேன். அப்பா பாதிரியார். அம்மா, பிள்ளைகள் எல்லோரிடமும் அவ்வளவு பாசம், அவ்வளவு பக்தி. கடிதத்தை முடிக்கும்போது வேலைக்காரர்களும் விசாரித்ததாக எழுதுகிறார்கள். அடிமைகள் வைத்திருந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக இவர்களை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா?
– வாசகர், மதுரை

பதில்: இன்றைய அளவுகோலை எடுக்கவே வேண்டாம். அந்த அப்பாவின் கையில் இருந்த அளவுகோலே போதும், அதை அவரே எழுத்தில் விட்டுப் போயிருக்கிறார்.

சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் 1804-ல் பிறந்தவர். வாலிபத்தில் வடக்கே போய் இறையியல் படித்தார். அங்கிருந்து 1829-ல், தான் மணக்கப்போகும் மேரிக்கு எழுதிய கடிதத்தில் அடிமை முறை தவறு, அநீதி, இயற்கைக்கும் மதத்துக்கும் விரோதம் என்று சுற்றி வளைக்காமல் சொல்கிறார். அடிமைகளைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா விடுவதா என்று மனசுக்குள் மல்லாடியிருக்கிறார். அந்த மனுஷன்தான் ஊர் திரும்பி, மேரியைக் கல்யாணம் செய்துகொண்டு, லிபர்ட்டி கவுன்ட்டியில் மான்டிவீடியோ, ஆர்கேடியா, மேபேங்க் என்று மூன்று பண்ணைகளும் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளும் வைத்து வாழ்ந்து 1863-ல் செத்தார். அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்று நாம் சமாதானம் சொல்ல வழியே இல்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே வேறு மாதிரி வாழ முடிவு செய்தார். எனக்கு அந்தக் கடிதங்களில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான், கொடுமைக்காரன் ஒருவனைப் பற்றிப் படித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதே 1829-ல்தான் ஜார்ஜியா சட்டசபை அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. ஜோன்ஸ் பாதிரியார் அவர்களுக்கு மதம் போதிப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர், 'அடிமைகளின் அப்போஸ்தலர்' என்று பெயர் வாங்கியவர். 1837-ல் அவர் வெளியிட்ட ஞானோபதேசம் (கேள்வி-பதிலாக மதம் சொல்லிக்கொடுக்கும் புத்தகம்), எழுத்தைக் கண்ணில் காட்டாமல் வாயால் சொல்லியே மனப்பாடம் செய்விக்க ஏற்றபடி எழுதப்பட்டது. கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள்? 1833-ல் நடந்ததை அவரே ஒரு அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார். எசமான் பிலேமோனிடமிருந்து ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைப் பற்றி அந்த எசமானுக்கு பவுல் எழுதிய, பைபிளில் இருக்கும் நிருபத்தை எடுத்துவைத்து, ஓடுவது பாவம் என்று பிரசங்கம் செய்திருக்கிறார். கூட்டத்தில் பாதிப் பேர் பேசாமல் எழுந்து போய்விட்டார்கள். அந்தக் காலத்து அளவுகோல் என்று நீங்கள் சொல்லும்போது எழுந்து போன அந்தப் பாதிப் பேரை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? அவர்களும் அந்தக் காலத்தவர்கள்தானே.

அப்புறம் இந்த 'வேலைக்காரர்கள்' என்ற வார்த்தை. அந்த வீட்டில் அடிமைகளை அப்படித்தான் எழுதுவார்கள், அல்லது 'நம் ஜனங்கள்' என்பார்கள். வார்த்தை பழகப் பழக நமக்கும் சம்பளம் வாங்கி வேலை செய்யும் ஆள் என்றே தோன்ற ஆரம்பித்துவிடும். ஒரு வாரம் நானும் அப்படித்தான் படித்தேன். வெயில் காலத்தில் காய்ச்சலுக்குப் பயந்து குடும்பம் கடல் காற்று வீசும் மேபேங்குக்குப் போய்விடும், நெல் விளையும் சதுப்பில் அந்த ஜனங்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். வேண்டாம் என்று வேறு இடம் பார்க்க முடியாதவர்களை வேலைக்காரர்கள் என்று எழுதினால் நாமும் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து ஒன்றை மறைக்கிறோம் என்று அர்த்தம்.

1856-க்கு வாருங்கள். ஃபீபி, கேஷியஸ் என்று ஒரு தம்பதி. அவர்கள் வீட்டுப் பெண் ஜேன், ஜார்ஜியாவிலேயே உள்ள சவானா நகரத்துக்கு ஓடிவிடுகிறாள். சவானாவில் வக்கீலாக இருந்த மூத்த மகன் சார்லஸ் ஜூனியர் (பிறகு 1860-ல் அந்த ஊருக்கு மேயரானவர்) அவளைக் கண்டுபிடிக்க ஏற்பாடு செய்கிறார். பிறகு அப்பாவும் மகனும் கடிதத்தில் பேசி, அந்தக் குடும்பத்தையே விற்றுவிடுவதென்று முடிவு செய்கிறார்கள். பிரிக்காமல் விற்க வேண்டும் என்று கவலைப்படுகிறார்கள், அதிலும் கரிசனம் தெரிகிறது. விற்கப்பட்டவர்கள் ஏதோ ஒரு பண்ணைக்குப் போய்ச் சேருவார்கள் என்று நம்புகிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மகனுக்கு எழுதின அதே கைதான் இந்த விற்பனை விஷயத்தையும் எழுதியது.

ஆனால் 1857 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு கடிதம் வருகிறது, ஃபீபியும் கேஷியஸும் அனுப்பியது. ஊரில் ஒரு வெள்ளைக்காரருக்கு எழுதி, விட்டுவந்த மகள் கிளாரிசாவுக்கும் நான்சிக்கும் சேதி சொல்லச் சொல்கிறார்கள். (பிரிக்காமல் விற்கக் கவலைப்பட்டார்கள் என்றேனே, இவர்கள் இரண்டு பேரும் பண்ணையிலேயே நின்றுவிட்டவர்கள்.) கடிதம் சொல்வது இதுதான்: ஜனவரி முதல் தேதி சவானாவை விட்டுப் புறப்பட்டோம். ஜேன் பிப்ரவரி முதல் தேதி இறந்துவிட்டாள், என்ன நோய் என்று எங்களுக்குத் தெரியவில்லை, டாக்டர்களில் சிலர் ஒன்று சொன்னார்கள், சிலர் காசநோய் என்றார்கள். கேஷியஸின் சகோதரர் போர்ட்டரையும் அவர் மனைவி பேஷன்ஸையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். பெக், மைலி இருவருக்கும் விக்டோரியா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். எங்களை வன்மத்தால்தான் விற்றார்கள், ஆனாலும் அது எங்கள் நன்மைக்கே ஆகும் என்று நம்புகிறோம். கேட்டோவிடம் சொல்லுங்கள், நாங்கள் இங்கே வீசி எறிகிற சாப்பாடே உங்கள் பண்ணைக்கு ஒரு பருவத்துக்குக் காணும்.

அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கேட்டோ பண்ணையில் மேஸ்திரி மாதிரி இருந்தவர், அவரும் அடிமைதான். சந்தைக்குக் கொண்டுபோய் விற்கப்பட்டவர்கள், பெண்ணைப் பறிகொடுத்து ஒன்றரை மாதம் ஆனவர்கள், அத்தனை தூரத்திலிருந்து, அந்தப் பண்ணையில் வயிறு நிறையவில்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள். பாதிரியாரின் கடிதங்களில் எத்தனை பக்கம் படித்தாலும் இந்த ஒரு செய்தி கிடைக்காது.

பாசத்தை நான் மறுக்கவில்லை, மேரி பிள்ளைகளுக்கு எழுதியதைப் படித்து எனக்கும் கண் கலங்கியது. ஆனால் விசாரிப்பும் அன்பும் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமில்லை. ஃபீபியின் கடிதத்திலும் அதே விசாரிப்புதான். ஒரு குடும்பத்துக்குத் தபாலும் காகிதமும் மேசையும் இருந்தன, அதனால் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் நின்றன. இன்னொரு குடும்பத்துக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே சட்டப்படி குற்றம், அதனால் ஒன்றிரண்டுதான் தப்பின. இதை மறந்துவிட்டு, எழுதி வைத்தவர்கள்தான் பாசக்காரர்கள் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

அப்படியானால் இந்தக் கடிதங்களைக் காப்பாற்றி வைக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வைக்க வேண்டும். 1850, 1860 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளின் பட்டியலில் பெரும்பாலும் பெயரே கிடையாது, எசமானின் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். 1860-ல் அப்படிப் பதிவானவர்கள் சுமார் 39 லட்சத்து 50 ஆயிரம் பேர். அவர்கள் எல்லோரும் பெயரோடு வருவது, அடிமை முறை ஒழிந்த பிறகு எடுத்த 1870 கணக்கெடுப்பில்தான். தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடுகிற கறுப்பினக் குடும்பங்கள் அந்த 1870-ல் போய் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் எசமானின் கணக்கு நோட்டு, உயில், இந்த மாதிரிக் கடிதங்கள், இவற்றைத்தான் புரட்ட வேண்டும். ஜோன்ஸ் குடும்பக் காகிதங்களில் பெரும்பகுதி இன்று துலேன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதுவும் நியூ ஆர்லியன்ஸில்தான், ஃபீபி கொண்டுபோகப்பட்ட அதே ஊரில்.

நீங்கள் பாதி படித்துவிட்டதாகத் தெரிகிறது. மீதியைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். 'வேலைக்காரர்கள்' என்று வருகிற இடத்திலெல்லாம் யார் என்று தேடி, கிடைத்த பெயரை எழுதுங்கள். முதல் சில பெயர்களை நானே தருகிறேன்: ஃபீபி, கேஷியஸ், ஜேன், கிளாரிசா, நான்சி, போர்ட்டர், பேஷன்ஸ், விக்டோரியா, பெக், மைலி, கேட்டோ.