மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 600 வெள்ளிக்குள் (ரிங்கிட்) வாடகை வீடு

வணக்கம் ஐயா. தோட்ட நிர்வாகம் தந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியிருப்பதால், பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளிக்கு அருகே 600 வெள்ளிக்குள் வீடு தேடுவதாக எழுதியிருந்தீர்கள். இணைய விளம்பரங்களைவிட, மாலையில் தாமான்களைச் (குடியிருப்புப் பகுதிகளை) சுற்றி வந்து வாசலில் தொங்கும் ‘டிசேவா’ (வாடகைக்கு) அட்டைகளைப் பார்ப்பதும், கோயிலிலும் மளிகைக் கடையிலும் சொல்லி வைப்பதுமே நம் ஊரில் விரைவில் பலன் தரும். ஆனால் வாடகையை மட்டும் கணக்கிட வேண்டாம். வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர், மின்சாரத்துக்கான வைப்பாக அரை மாத வாடகை, முதல் மாத வாடகை ஆகியவற்றைச் சேர்த்தால், தொடக்கத்திலேயே 2,100 வெள்ளி கையில் இருக்க வேண்டும். வைப்புத்தொகையைத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சில வீட்டுக்காரர்கள் சம்மதிப்பதுண்டு, கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியைக் கட்டாயம் செலுத்திவிடுங்கள், ஏனெனில் பின்னாளில் பணம் திரும்பாமல் வழக்கு நேர்ந்தால், முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. சாவி வாங்குமுன் பழைய மின்கட்டண பாக்கி உள்ளதா என்றும் பாருங்கள்.