ராமேஸ்வரம், தனுஷ்கோடிக்குச் சாமான் கட்டுறவங்களுக்கு: கேள்வி பதில்

காரைக்குடியிலிருந்து: ஆச்சி, மூணு நாள், அப்பத்தாவையும் சேர்த்து ஆறு பேர். ஆளுக்கு எத்தனை செட் துணி வேணும்?

பதில்: நாள் கணக்குப் போடாதீங்க, நனையிற கணக்குப் போடுங்க. அக்னி தீர்த்தத்துல ஒரு முழுக்கு, கோயிலுக்குள்ள 22 தீர்த்தம், தனுஷ்கோடியில அலை. பெரியவங்களுக்கு நனைய ரெண்டு செட், உலர்ந்தது நாலு. பிள்ளைகளுக்கு நனையிறதுல ரெண்டு கூட வைங்க.

கடல்ல நனைஞ்சதை அலசாம காயப்போட்டா முழுசாக் காயாது. துணியில தங்கின உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். ராத்திரி போட்டது விடிஞ்சும் பிசுபிசுன்னு இருக்க அதுதான் காரணம். லாட்ஜ்ல ஒரு வாளி நல்ல தண்ணியில அலசிப் பிழிஞ்சு ஃபேனுக்குக் கீழ போடுங்க. நைலான் கயிறும் ஒரு டஜன் கிளிப்பும் மறக்காதீங்க. ஈரத்துணியைச் சுமக்க, காலியான பத்து கிலோ அரிசிச் சாக்குப் பை போதும். தண்ணி வடிஞ்சுடும், புழுங்காது.

தேவகோட்டையிலிருந்து: தீர்த்தமாடக் கண்டாங்கிச் சேலை கட்டலாமா ஆச்சி?

பதில்: வேண்டாம். நெசவு கனம். நனைஞ்சா பாரம் கூடி, ஈரக் கல்தரையில காலைத் தட்டும். மெல்லிசான பாலியெஸ்டர் கலந்த அடர்நிறச் சேலையோ சுடிதாரோ போதும். வெளிர்நிறம் நனைஞ்சா உடம்பு தெரியும். கண்டாங்கியைத் தரிசனத்துக்கு வைங்க. ஈரத்துணியோட சந்நிதிக்கு விடமாட்டாங்க, அதனால மாத்துத்துணி கையிலேயே இருக்கணும். ஆளுக்கு ஒரு துண்டு விரிச்சு, அவங்க செட்டை அதுக்குள்ள வச்சுச் சுருட்டிடுங்க. உள்பாவாடை, உள்ளாடையும் அதே சுருள்ல. ஜனம் இதைத்தான் மறக்குது. செல்போனை உள்ள விடமாட்டாங்க, அறையிலேயே விட்டுட்டுப் போங்க.

பள்ளத்தூரிலிருந்து: வழிச்சாப்பாட்டுக்கு என்ன கட்டலாம்?

பதில்: புளியோதரைதான். ஆறு பேருக்கு முக்கால் கிலோ அரிசி. உதிரியா வடிச்சு, தாம்பாளத்துல பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, முழுக்க ஆறின பிறகு புளிக்காய்ச்சலைக் கிளறுங்க. சூட்டோட டப்பாவுல அடைச்சா மூடியில ஆவி வேர்த்து சோத்துல சொட்டும். சொட்டின இடம்தான் முதல்ல ஊசும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். இட்லின்னா மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிடுங்க. சீப்புச்சீடை, தேன்குழலை ஒரே தூக்குல கொண்டுபோனா, திறக்கத் திறக்கக் கடக்காத்து பட்டு நமுத்துடும். வேளைக்கு ஒரு சின்ன டப்பாவாப் பிரிச்சு வைங்க. மாவுருண்டையை வீட்டுலயே விட்டுட்டுப் போங்க, வெயில்ல நெய் இளகி உதிர்ந்து மாவாத்தான் போய்ச்சேரும்.

கோட்டையூரிலிருந்து: அஞ்சு மாசக் கைக்குழந்தை, ஏழு வயசுப் பையன். வெயிலுக்கு என்ன எடுக்கணும்?

பதில்: ஆறு மாசம் ஆகாத பிள்ளைக்கு சன்ஸ்கிரீன் பூசாதீங்க. மெல்லிய முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை. தனுஷ்கோடியோட கடைசி முனையான அரிச்சல்முனையில ஒதுங்க நிழல் கிடையாது, காலையில 9 மணிக்குள்ள பார்த்துட்டுத் திரும்பிடுங்க. பையனுக்கு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாதது. வெயில்ல இறங்குறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி பூசி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, தண்ணியை விட்டு ஏறினதும் ஒருக்கா திரும்பப் பூசணும். அவனை அரிச்சல்முனையில குளிக்க இறக்காதீங்க. நீரோட்டம் இழுக்கும், ஆழமும் சட்டுனு கூடும்.

ஓஆர்எஸ் நாலு பாக்கெட் வைங்க. ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. உறையைப் படிச்சுட்டுக் கலக்குங்க. பெரிய பாக்கெட்டைச் சின்ன பாட்டில்ல கொட்டினா உப்பு கூடிப் பிள்ளைக்குக் கெடுதல். கலக்கினதை ஒரு நாளுக்கு மேல வைக்காதீங்க.

கண்டனூரிலிருந்து: ஐயாவுக்கு இன்சுலின் போடுறோம். எப்படிக் கொண்டுபோறது?

பதில்: வாயகன்ற தெர்மாஸ்ல ஐஸ்பேக், அதுமேல மடிச்ச துண்டு, அதுக்கு மேல மருந்து. ஐஸோட ஒட்டி உறைஞ்சா அதைப் போடக்கூடாது, இளகின பிறகும் உதவாது. பூட்டின கார்ல வைக்காதீங்க, இறங்குற இடமெல்லாம் கையோட போகணும்.

செட்டிநாட்டிலிருந்து: நகை போட்டுக்கிட்டுப் போலாமா?

பதில்: மோதிரம், கொலுசு வேண்டாம். குளிர்ந்த தண்ணியில விரல் சுருங்கி மோதிரம் தானா நழுவும், மணல்ல விழுந்தா அலை மூடிடும். தாலிச் சங்கிலியில கொக்கி தேஞ்சிருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

காரைக்குடியிலிருந்து இன்னொருத்தர்: ஐப்பசியில போறோம். குடையா, மழைக்கோட்டா?

பதில்: மழைக்கோட்டு. அந்தக் காத்துல குடை மடங்கிடும்.